காத்திருக்கக் கூடாதவர் யார்: நகரப் பொது மருத்துவமனையில் சிறுநீரியல் மருத்துவராகப் பணியாற்றும் முறை

நகரத்துப் பொது மருத்துவமனையில் சிறுநீரியல் மருத்துவராகச் சேர்பவர், கத்தியிலும் கருவியிலும் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், முதல் வாரத்திலேயே ஓர் உண்மையை எதிர்கொள்வார். வருகிற எல்லோருக்கும் இன்றே செய்துவிட முடியாது. அறுவை அரங்கில் மேசைகள் குறைவு, மயக்க மருத்துவர்கள் குறைவு, கிடைக்கும் நேரம் அவற்றைவிடக் குறைவு. ஆகவே இந்த வேலைக்கு வேண்டிய முதல் திறமை, காத்திருக்கக்கூடியவர் யார், ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாதவர் யார் என்று பிரித்தறிவதுதான். நாம் காத்திருக்கச் சொல்லி அனுப்பியவரையும், உடலுக்குள் ஒரு குழாயை வைத்து அனுப்பியவரையும் மறந்துவிடாமல் கணக்கு வைத்திருப்பது இரண்டாவது திறமை. அறுவை நுட்பங்களைக் கற்கப் பாடநூல்களும் மூத்தவர்களின் கைகளும் இருக்கின்றன. இங்கே நான் எழுதுவது பெரும்பாலும் இந்த இரண்டைப் பற்றித்தான்.

கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும் நோய்கள்

விரை முறுக்கிக்கொண்ட சிறுவனிடமிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அவனுக்கு இருக்கும் அவகாசம் மிகக் குறைவு. வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் முறுக்கை அவிழ்த்துவிட்டால் பெரும்பாலும் விரை பிழைத்துவிடும்; 12 மணி நேரம் தாண்டினால் அந்த வாய்ப்பு வேகமாகக் குறைகிறது; ஒரு நாள் கழிந்துவிட்டால் அநேகமாக அதை அகற்றத்தான் வேண்டியிருக்கும். இந்த மணி நேரங்கள் பெரும்பாலும் அறுவை அரங்கில் வீணாவதில்லை. வெட்கத்தால் 'வயிறு வலிக்கிறது' என்று மட்டும் சொல்லும் பையனுக்கு வயிற்றை மட்டுமே தொட்டுப் பார்த்து, குடல்வால் அழற்சியாக இருக்குமோ என்று ஸ்கேனுக்கு அனுப்பிக் காத்திருக்கும் இடத்தில்தான் அவை கழிகின்றன. ஆகவே பணியில் சேர்ந்த சில நாட்களுக்குள்ளேயே அவசரப் பிரிவு மருத்துவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். அடிவயிற்று வலியோடும் வாந்தியோடும் வரும் எந்தச் சிறுவனையும், இளைஞனையும், விரைப்பையைப் பார்க்காமல் பரிசோதித்து முடித்ததாகக் கொள்ளக் கூடாது என்பதை அவர்கள் மனத்தில் பதியவைத்துவிட்டால், அந்த ஒரு பேச்சு உங்களுடைய பல அறுவைகளைவிட அதிகப் பயன் தரும். அறிகுறிகள் தெளிவாக இருக்கும்போது ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனுக்காகக் காத்திராமல் நேரே அரங்குக்கு எடுத்துச் செல்லுங்கள். திறந்து பார்த்து முறுக்கு இல்லை என்று தெரிந்தால் ஒரு சிறு தழும்போடு போகும். காத்திருந்து விரை செத்துவிட்டால் மீட்க வழியில்லை. பெற்றோரிடம் ஒப்புதல் வாங்கும்போதே, விரையை அகற்ற நேரலாம் என்பதையும், மறுபக்க விரையையும் தைத்து நிலைநிறுத்தப்போகிறோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது, கல்லால் அடைபட்டு அதற்குமேல் கிருமியும் தொற்றிய சிறுநீரகம். இந்த நோயாளிகள் பார்வைக்கு ஏமாற்றுவார்கள். காலையில் காய்ச்சலும் இடுப்புப்பக்க வலியுமாக வந்து, தாமே நடந்து போய்ப் படுக்கையில் படுப்பவர், மாலையில் ரத்த அழுத்தம் சரிந்து ஐசியூவில் இருப்பார். முதியவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் காய்ச்சலே இல்லாமலும் போகலாம். ரத்தத் தட்டணுக்கள் குறைந்துகொண்டே வருவதுதான் முதல் எச்சரிக்கையாக இருக்கக்கூடும். அடைப்பு நீங்காதவரை ஆன்டிபயாடிக் மருந்து சீழ் தேங்கிய இடத்துக்குப் போதிய அளவில் போய்ச் சேராது. எனவே ரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கி, அதே வேகத்தில் வடிகாலுக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். கீழிருந்து டிஜே ஸ்டென்ட் (சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைவரை உள்ளேயே இருக்கும் மெல்லிய குழாய்) வைப்பதா, முதுகுப்பக்கம் தோல் வழியாக நேரே சிறுநீரகத்துக்குள் நெஃப்ராஸ்டமிக் குழாய் வைப்பதா என்று நீண்ட நேரம் விவாதிக்கத் தேவையில்லை. உங்கள் மருத்துவமனையில் அந்த நேரத்தில் எது விரைவாகக் கிடைக்கிறதோ அதுவே சரியான வழி. அன்றிரவு கல்லைத் தொடாதீர்கள். 'எட்டிய தூரத்தில்தானே இருக்கிறது' என்று எடுக்கப்போய்க் கிருமியை ரத்தத்தில் ஏற்றிவிட்ட கதைகள் எல்லாத் துறைகளிலும் உண்டு. எக்ஸ்ரே சாயத்தையும் அழுத்திச் செலுத்தக் கூடாது. அடைப்புக்கு மேலிருந்து வரும் சிறுநீரைக் கல்ச்சருக்கு அனுப்ப மறக்காதீர்கள், ஏனெனில் சிறுநீர்ப்பையிலிருந்து எடுத்த சிறுநீர் சுத்தமாக இருந்தாலும் மேலே இருப்பது வேறாக இருக்கலாம்.

விரைப்பையிலும் அதைச் சுற்றியும் தோல் கறுத்து அழுகும் ஃபூர்னியர் நோய், 4 மணி நேரத்துக்கு மேல் தளராமல் வலிக்கும் ஆண்குறி விறைப்பு, இடுப்பெலும்பு முறிந்து யுரித்ராவின் (சிறுநீர் வெளியேறும் பாதையின்) வாயில் ரத்தம் தெரியும் விபத்து நோயாளி ஆகியோரும் இதே வரிசையில் சேர்வார்கள். முதலாமவருக்கு, தோலில் தெரிவதைவிட உள்ளே அழுகல் அதிகம் பரவியிருக்கும் என்று எதிர்பார்த்து அன்றே வெட்டி அகற்றி, மறுநாள் மீண்டும் திறந்து பார்க்க வேண்டும். இரண்டாமவருக்குத் தேங்கிய ரத்தத்தை ஊசியால் உறிஞ்சி, ரத்த அழுத்தத்தைக் கண்காணித்தபடி, ரத்தக் குழாய்களைச் சுருக்கும் ஃபெனைலெஃப்ரின் மருந்தைச் செலுத்த வேண்டும். மூன்றாமவருக்குக் கண்மூடித்தனமாகக் கதீட்டரை (சிறுநீர் வடிக்கும் குழாயை) தள்ளாமல் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கும் வசதியில்லாத நிலையில் சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் அடிவயிற்றின் வழியாக வடிகுழாய் வைப்பதே பாதுகாப்பு.

ஒரு கதீட்டரை ஒழுங்காகப் போடுவது

1930களில் ஃபிரெடெரிக் ஃபோலே உருவாக்கிய பலூன் கதீட்டர்தான் இன்றும் நம் துறையின் அன்றாடக் கருவி. இரவில் உங்களை எழுப்பும் அழைப்புகளில் பெரும்பகுதி 'கதீட்டர் போகவில்லை' என்பதாகவே இருக்கும். அந்த அழைப்பை எரிச்சலோடு ஏற்காதீர்கள். ஏற்கெனவே மூன்று பேர் முயன்று ரத்தம் வரவைத்த பிறகு அழைப்பதைவிட, முதல் முயற்சி தவறியதுமே அழைப்பது நோயாளிக்கு நல்லது என்று வார்டில் உள்ளவர்கள் உணரும்படி நடந்துகொள்ளுங்கள்.

செய்முறை எளியது, அவசரந்தான் அதைக் கெடுக்கிறது. மரப்பு ஜெல்லை யுரித்ராவுக்குள் தாராளமாகச் செலுத்திச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். அந்த நிமிடங்களை நோயாளியின் கதையைக் கேட்கப் பயன்படுத்தலாம். வயதுவந்த ஆணுக்கு 14 அல்லது 16 அளவுக் குழாய் போதும். சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புரோஸ்டேட் சுரப்பி பெருத்தவருக்குக் குழாய் தடைபட்டால் மெல்லியதை எடுப்பது வழக்கமான தவறு. மெல்லியது வளைந்து மடங்கும். நுனி மேல்நோக்கி வளைந்த கதீட்டரை, அந்த வளைவு 12 மணித் திசையைப் பார்க்கும்படி செலுத்தினால் பெரும்பாலும் போய்விடும். குழாயை அதன் வெளிமுனை கிளைபிரியும் இடம்வரை முழுதாக உள்ளே தள்ளி, சிறுநீர் வருவதைக் கண்ட பின்னரே பலூனை நிரப்ப வேண்டும். பலூன் யுரித்ராவுக்குள்ளேயே விரிந்துவிட்டால் அந்தக் காயத்தின் வடு பிற்காலத்தில் அடைப்பாக மாறி, அந்த மனிதரை வருடக்கணக்கில் உங்கள் வாசலுக்கு வரவைக்கும். கடைசியாக, பின்னுக்கு இழுத்த முன்தோலை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். இதை மறந்ததனால் வீங்கி இறுகிப்போன முன்தோலை நான் எண்ணிக்கையற்ற முறை பார்த்திருக்கிறேன், ஒவ்வொன்றும் தவிர்த்திருக்கக்கூடியது.

எவ்வளவு சிறுநீர் வடிந்தது என்பதை அப்போதே கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். பிறகு யாருக்கும் அது தெரியாது. வலியோடு 700 மில்லி தேங்கியவருக்கும், வலியே இல்லாமல் ஒன்றரை லிட்டர் தேங்கிக் கிரியாட்டினின் (சிறுநீரகக் கெடுதலைக் காட்டும் ரத்த அளவு) ஏறியவருக்கும் அடுத்துச் செய்ய வேண்டியவை வேறு வேறு. இரண்டாமவர், குழாய் போட்ட பின் மணிக்கு 200 மில்லிக்கு மேல் தொடர்ந்து சிறுநீர் கழித்து, உப்பும் நீரும் இழந்து சோர்ந்துவிடக்கூடும். அவரை வீட்டுக்கு அனுப்பாமல், மணிக்கு மணி அளந்து, எடை பார்த்து, சோடியமும் பொட்டாசியமும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கதீட்டரைப் போடுவதில் காட்டும் அக்கறையை எடுப்பதிலும் காட்டுங்கள். குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமி குடியேறும் வாய்ப்பு ஏறுகிறது. காலை ரவுண்ட்ஸில் ஒவ்வொரு படுக்கையருகிலும் 'இந்தக் குழாய் இன்று எதற்காக இருக்கிறது?' என்று கேட்டு, விடை கிடைக்காத இடத்தில் எடுத்துவிடுவது நல்ல வழக்கம். குழாயோடு இருப்பவரின் சிறுநீரில் கிருமி இருப்பதாக அறிக்கை வந்தாலே ஆன்டிபயாடிக் எழுத வேண்டியதில்லை. காய்ச்சலோ வேறு அறிகுறியோ இருந்தால்தான் அதற்கு மருத்துவம். கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் ரத்தம் கசியக்கூடிய அறுவைக்குச் செல்பவர்களும் இதற்கு விலக்கு.

புறநோயாளிப் பிரிவில் வெட்கத்தோடு பேசுபவர்கள்

கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில், அடுத்த நோயாளி தோளுக்குப் பின்னால் நிற்கும்போது, படுக்கையில் சிறுநீர் கசிவதையோ, உறவில் உள்ள குறையையோ யாரும் சொல்ல மாட்டார்கள். தனி அறை கிடைக்காவிட்டாலும் ஒரு திரையும், ஒருவரை மட்டும் உள்ளே அனுப்பும் ஒழுங்கும் எந்த மருத்துவமனையிலும் சாத்தியம். அதற்காக நிர்வாகத்தோடு வாதாடுவது உங்கள் வேலையின் ஒரு பகுதி. நோயாளி சொல்லத் தயங்குவதை நீங்களே எளிய சொற்களில் கேட்டுவிடுங்கள். 'இந்த நோய் உள்ளவர்களில் பலருக்கு இரவில் ஆடை நனைகிறது, உங்களுக்கு அப்படி உண்டா?' என்று கேட்டால், இல்லை என்பவரும் அவமானப்பட மாட்டார், உண்டு என்பவரும் பாரம் இறங்கியதுபோல் பேசத் தொடங்குவார். பரிசோதனைக்கு முன் என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லி, நோயாளி விரும்பும் ஒரு துணையாள் அல்லது செவிலியர் உடனிருக்க, தேவையான பகுதியை மட்டும் திறந்து பாருங்கள்.

சிறுநீர்த் தொல்லைக்கு மருந்து எழுதுவதற்கு முன், மூன்று நாள் குறிப்பு ஒன்றை எழுதி வரச் சொல்வது மிகுந்த பலன் தரும்: எத்தனை மணிக்கு, எவ்வளவு குடித்தார், எவ்வளவு கழித்தார் என்பவை மட்டும் போதும். 'இரவில் ஆறு முறை எழுகிறேன்' என்று வந்தவரின் குறிப்பைப் பார்த்தால், பாதிச் சிறுநீர் இரவில்தான் உற்பத்தியாகிறது என்பது தெரியும். அவருக்கு வேண்டியது புரோஸ்டேட் மருந்தைவிட இதயத்தையும் கால்வீக்கத்தையும் உறக்கத்தையும் பற்றிய விசாரணை. எழுதத் தெரியாதவருக்குக் கோடு போட்டு எண்ணக் கற்றுக்கொடுக்கலாம்.

வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம் போனது என்று ஒருவர் சொன்னால், அது ஒரே முறை போய்த் தானே நின்றுவிட்டிருந்தாலும், வேறு காரணம் உறுதியாகும்வரை புற்றுநோயாகக் கருதி, சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பும் ஸ்கேனும் செய்தாக வேண்டும். புகைபிடிப்பவரென்றால் இன்னும் விரைவாக. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்பது இதற்குச் சமாதானமாகாது. புரோஸ்டேட் புற்றுநோயைத் தேடும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையைச் சிறுநீர்த் தொற்றின் நடுவிலோ, சிறுநீர் அடைத்துக் குழாய் போட்ட மறுநாளோ எடுக்காதீர்கள். ஏறியிருக்கும் எண்ணைப் பார்த்து நோயாளி பல வாரங்கள் தூக்கமிழப்பார். தொற்று தீர்ந்து சுமார் 6 வாரங்கள் கழித்து எடுப்பது நல்லது. விரை இறங்காத குழந்தையை 6 மாதம் ஆகியும் இறங்கவில்லை என்றால் பட்டியலில் சேர்த்து, ஒன்றரை வயதுக்குள் அறுவையை முடிக்க வேண்டும். சின்னஞ்சிறு ஆண்குழந்தைகளின் முன்தோல் பின்னுக்கு வராதது இயல்பு என்பதைப் பெற்றோருக்கு விளக்கி, வலிந்து இழுக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

உள்ளே வைத்ததற்குக் கணக்கு

பொது மருத்துவமனையில் என்னை மிகவும் வருத்திய நோயாளி, பெரிய அறுவையில் சிக்கலானவர் அல்ல. கல் எடுத்து, ஸ்டென்ட் வைத்து, நலமாக வீட்டுக்குப் போன ஓர் இளம்பெண். ஸ்டென்ட் உள்ளே இருப்பதாக யாரோ சொன்னது அவருக்குப் புரியவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் அது கடைசி வரியில், அவர் படிக்க முடியாத மொழியில் இருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து அவர் திரும்பி வந்தபோது ஸ்டென்டின் இரண்டு முனைகளிலும் கல் கட்டியிருந்தது, அந்தப் பக்கச் சிறுநீரகம் ஏறத்தாழ வேலை செய்வதை நிறுத்தியிருந்தது. ஐந்து நிமிடத்தில் எடுத்திருக்க வேண்டியதற்கு இரண்டு பெரிய அறுவைகள் தேவைப்பட்டன.

டிஜே ஸ்டென்டைப் பொதுவாக 3 மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். நீங்கள் சேரும் துறையில் ஸ்டென்ட் பதிவேடு இல்லையென்றால், மற்ற எல்லாச் சீர்திருத்தங்களுக்கும் முன் அதைத் தொடங்குங்கள். கணினி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் போதும். பெயர், எந்தப் பக்கம், வைத்த தேதி, எடுக்க வேண்டிய தேதி, நோயாளியின் தொலைபேசி எண்ணோடு வீட்டில் உள்ள இன்னொருவரின் எண், எடுத்த தேதி என்ற பத்திகள் இருக்க வேண்டும். நோயாளி அரங்கை விட்டு வெளியேறுவதற்கு முன் இது எழுதப்பட வேண்டும். வார்டுக்குப் போனபின் எழுதலாம் என்று விட்டால் பாதி விடுபடும். இதைவிட முக்கியம், வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் அந்த நோட்டைத் திறந்து, 'எடுத்த தேதி' காலியாக இருப்பவர்களைத் தொலைபேசியில் அழைக்கும் ஒருவர். அந்த ஒருவர் யார் என்பது பெயரோடு முடிவாகியிருக்க வேண்டும். எல்லோருடைய பொறுப்பாக இருந்தபோது எங்கள் பதிவேடு இரண்டு மாதத்தில் நின்றுபோனது. ஒரு செவிலியரிடம் ஒப்படைத்து, அதற்கென அவருக்கு நேரமும் ஒதுக்கிய பின்புதான் நிலைத்தது.

நோயாளிக்குச் சொல்ல வேண்டியதையும் சுருக்காதீர்கள். உள்ளே குழாய் இருப்பதை ஒரு பழைய ஸ்டென்டைக் கையில் கொடுத்தே காட்டலாம். சிறுநீர் கழிக்கும்போது இடுப்பில் இழுப்பதுபோல் வலிக்கும், அடிக்கடி போகத் தோன்றும், கொஞ்சம் ரத்தம் கலந்து வரும், இவையெல்லாம் அதை எடுத்தவுடன் நின்றுவிடும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர் அஞ்சமாட்டார். காய்ச்சல் வந்தால் மட்டும் உடனே வர வேண்டும் என்பதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லக் கேளுங்கள். நெஃப்ராஸ்டமிக் குழாயோடும் நீண்டகாலக் கதீட்டரோடும் வீட்டுக்குப் போகிறவர்களையும் இதே நோட்டில் சேர்த்துவிடுங்கள்.

காத்திருப்போர் பட்டியல்

பட்டியலைத் தேதி வரிசையில் மட்டும் நடத்துவது நியாயம்போலத் தோன்றும். நோய்கள் தேதி பார்த்து வளர்வதில்லை. தாமதத்தால் யாருக்கு என்ன கெடும் என்பதே என் அளவுகோல். சிறுநீர்ப்பையின் தசைக்குள் இறங்கிய புற்றுநோய்க்குப் பையை அகற்றும் அறுவை, நோய் உறுதியானதிலிருந்து 3 மாதத்துக்கு மேல் தள்ளிப்போனால் பிழைக்கும் வாய்ப்பு குறைகிறது, அது முதலில். ஒரே சிறுநீரகம் உள்ளவரின் கல் அடுத்தது. பிறகு, கதீட்டரோடு காத்திருக்கும் புரோஸ்டேட் நோயாளிகள்: அவர்களுக்கு ஒவ்வொரு மாதமும் ஒரு தொற்று, ஒரு குழாய் மாற்றம், ஒரு நாள் வேலையிழப்பு. மருந்தால் சமாளித்துக்கொண்டிருப்பவர்கள் அதற்குப் பின். ஆனால் அடியில் இருப்பவர் என்றென்றும் அடியிலேயே கிடக்கக் கூடாது; மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்களை அழைத்துக் கிரியாட்டினினும் ஸ்கேனும் பார்த்து, நிலை மாறியிருந்தால் மேலே ஏற்றுங்கள். 'தெரிந்தவர்' என்ற பேரில் இடையில் புகுத்தச் சொல்லி அழைப்புகள் வரும். பட்டியலையும் அதன் அளவுகோலையும் துறையில் எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைத்திருந்தால் மறுப்பது எளிதாகிறது.

கற்களைப் பொறுத்தவரை, 5 மில்லிமீட்டருக்குக் குறைந்தவை பெரும்பாலும் தாமே வெளியேறும். தொற்றோ தாங்காத வலியோ சிறுநீரகக் கெடுதலோ இல்லையென்றால் 4 முதல் 6 வாரம் பொறுத்துப் பார்க்கலாம். சிறுநீரகத்துக்குள் 2 சென்டிமீட்டரைத் தாண்டிய கல்லுக்கு முதுகுப்பக்கத் துளை வழியாக எடுப்பதே முதல் தேர்வு.

அறுவை நாளில்

பக்கம் தவறிய சிறுநீரக அறுவைக்கு ஈடு செய்ய வழியே இல்லை. அதனால் நோயாளி விழித்திருக்கும்போதே பக்கத்தை அவரிடம் கேட்டு, மையால் குறித்து, மேசையில் ஸ்கேன் படத்தை நீங்களே பார்த்த பிறகே கத்தியை வாங்குங்கள். அறிக்கையின் வரியை மட்டும் நம்பாதீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை உரக்கப் படிக்கும் ஒரு நிமிடத்தில், அரங்கில் மிகவும் இளையவரும் 'நிறுத்துங்கள்' என்று சொல்ல உரிமை உண்டு என்பது உங்கள் நடத்தையில் தெரிய வேண்டும்.

கல் அறுவைக்கு முன் சிறுநீர்க் கல்ச்சர் வந்துவிட்டதா என்று முந்தைய நாளே பாருங்கள். கழுவக் கிளைசின் திரவத்தைப் பயன்படுத்தி, பழைய மின்வளையத்தால் புரோஸ்டேட்டைச் செதுக்கும் இடங்களில் 60 நிமிடத்தைத் தாண்டாதீர்கள். திரவம் ரத்தத்தில் ஏறிச் சோடியம் சரிந்தால், முதுகில் மரப்பூசி போட்டு விழித்திருக்கும் நோயாளி குழம்பிப் பேசுவதுதான் முதலில் தெரியும், ஆகவே அவரோடு பேசிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். சிறுநீர்ப்பைக் கட்டியைச் செதுக்கும்போது அடியிலிருந்து தசையும் சேர்ந்த துண்டைத் தனிப் புட்டியில் அனுப்பாவிட்டால், நோய் எவ்வளவு ஆழம் என்று நோய்க்கூறியல் மருத்துவரால் சொல்ல முடியாது, அந்த நோயாளி மறுபடி மேசைக்கு வர வேண்டியிருக்கும். மெல்லிய ஸ்கோப்புகளைக் கழுவி உலர்த்தும் பணியாளருக்கு அவற்றின் உட்பகுதியை ஒருமுறை விளக்கிக் காட்டுங்கள். கருவி உடைந்து பழுதுபார்க்கப் போய்விட்டால் மாதக்கணக்கில் பட்டியலே நின்றுவிடும்.

பொறுப்பை ஒப்படைக்கும் நேரம்

மாலையில் கிளம்புவதற்கு முன், இரவு மருத்துவரிடம் தொலைபேசியில் பேசுவதைவிட வார்டில் ஒன்றாக நடப்பது மேல். எல்லாப் படுக்கைகளையும் சொல்ல வேண்டியதில்லை. ரத்தக்கட்டி அடைத்துக் குழாய் நின்றுவிடக்கூடியவர் யார், வடிகால் வைத்தும் காய்ச்சல் இறங்காதவர் யார், அடைப்பு நீங்கி அதிகமாகச் சிறுநீர் போகிறவர் யார் என்ற மூன்று கேள்விகளுக்கான பெயர்களைச் சொல்லி, ஒவ்வொருவருக்கும் எந்த அளவைத் தாண்டினால் உங்களை அழைக்க வேண்டும் என்பதை எண்ணாகவே எழுதிக் கொடுங்கள். சிறுநீர்ப்பையைக் கழுவத் தொடர்ந்து நீர் செலுத்தும் மூன்று வழிக் கதீட்டர் உள்ளவரின் படுக்கையருகில் 50 மில்லி சிரிஞ்சும் உப்புநீரும் தயாராக இருக்கின்றனவா என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, வெளியே நீர் வடிவது நின்றால், முதலில் உள்ளே செலுத்தும் நீரை அடைக்க வேண்டும் என்பதை இரவுச் செவிலியரிடம் இன்னொரு முறை சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.